பட்ஜெட் ஆப்: எஸ்எம்எஸ் படிப்பதா, கையால் போடுவதா?

பேங்க் எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானே கணக்கெழுதும் ஆப் ஒரு வகை. நாமே பதிவது இன்னொன்று.

உழைப்பு: முதலாவதில் குறைவு. இரண்டாவதில் செலவுக்குப் பத்து நொடி.

துல்லியம்: இங்கேதான் வம்பு. ஏடிஎம்மில் 2,000 எடுத்தால் எஸ்எம்எஸ் ஆப்புக்கு அது ஒரே செலவு. காசிமேட்டில் வஞ்சிரத்துக்கு 900, எம்.சி. ரோட்டில் நைட்டிக்கு 350 போனது அதற்குத் தெரியாது. யுபிஐ லைட்டில் (சில்லறைச் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் பர்ஸ்) கொடுத்த டீக்காசும் அப்படித்தான். பணம் ஏற்றியது மட்டுமே பேங்க் கணக்கில் வரும். கிரெடிட் கார்டு செலவு, வாங்கும்போது ஒருமுறை, பில் கட்டும்போது மறுமுறை ஏறிவிடலாம். பில் கட்டியதை ஆப்பில் செலவு என்றில்லாமல் ‘டிரான்ஸ்ஃபர்’ என்று மாற்றுங்கள்.

ஐபோனா? எஸ்எம்எஸ் படிக்க ஆப்புக்கு அனுமதியே கிடையாது.

கார்டு, ஜிபே என்றே செலவு போனால் முதலாவது போதும். ரொக்கம் புழங்கும் வீட்டுக்கு இரண்டாவதுதான். ஆனால் செலவுத் தலைப்பு (மளிகை, துணி என்பதுபோல) ஆறுக்கு மேல் வைக்காதீர்கள், பத்தே நாளில் சலித்துவிடும்.