பால்டர்ஸ் கேட் 3: நாலு பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளில் நடக்கும் பால்டர்ஸ் கேட் 3 என்ற ரோல்-பிளேயிங் விளையாட்டு கணினிக்கு வந்தது 2023 ஆகஸ்ட் 3 அன்று. அன்றிலிருந்து அவ்வப்போது இடைவெளி விட்டாலும் தொடர்ந்து ஆடி வருகிறேன். சாதாரண நிலை, கடினமான டாக்டிஷியன் நிலை, ஒரே ஒரு சேவ் மட்டும் தரும் ஹானர் மோட் என எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. கதை பற்றியும் நடிப்பு பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னைத் திரும்பத் திரும்ப இந்த விளையாட்டுக்குள் இழுப்பது வேறொன்று. முகாமில் அத்தனை கூட்டாளிகள் காத்திருக்க, அதில் யாரைக் கூட்டிக்கொண்டு கிளம்புவது?

1998-ல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டில் குழுவில் ஆறு பேர் இருக்கலாம். முன்னால் நின்று அடி வாங்க இரண்டு பேர், வில்லுக்கு ஒருவர், பூட்டுக்கும் பொறிக்கும் ஒருவர், காயம் ஆற்ற ஒருவர், மந்திரத்துக்கு ஒருவர் என்று வேலைக்கு ஓர் ஆள் வைத்துவிடலாம். இங்கே குழுவில் நாலே இடம், ஆனால் ஒரு பாத்திரம் என்ன வேலை செய்யும் என்று சொல்லும் கிளாஸ் பன்னிரண்டு. அதனால்தான் 'ஃபைட்டர் (வாள்காரர்), ரோக் (பூட்டும் பொறியும்), கிளெரிக் (காயம் ஆற்றுபவர்), விசார்ட் (மந்திரவாதி), ஆளுக்கொன்று' என்ற பழைய சூத்திரத்தையே பலரும் பிடித்துக்கொள்கிறார்கள். அது தப்பான சூத்திரமில்லை. அதை வைத்து ஆட்டத்தை முடித்துவிடலாம். ஆனால் அதே நாலு கிளாஸ் கொண்ட ஒரு குழு அலட்டாமல் போவதும், இன்னொரு குழு ஒவ்வொரு சண்டையிலும் தவழ்வதும் ஏன் என்பதற்கு அந்தச் சூத்திரத்தில் பதில் இல்லை.

நான் கண்ட பதில் இது. கிளாஸ் பெயர்களை எண்ணுவதைவிட, நாலு பேரும் ஒருவருக்கொருவர் இடிக்காமல் வேலை செய்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அந்த இடித்தல் மூன்று இடங்களில் நடக்கிறது: கான்சன்ட்ரேஷன், ஓய்வு, யார் முதலில் நகர்கிறார்கள் என்பது.

முதலில் கான்சன்ட்ரேஷன், அதாவது போட்ட மந்திரத்தைக் கலையாமல் பிடித்து வைத்திருக்கும் கவனம். வலுவான மந்திரங்களில் பாதிக்கு மேல் இதைக் கேட்கும் என்பது என் அனுபவம். ஒருவர் ஒரு சமயத்தில் இப்படி ஒரு மந்திரத்தைத்தான் பிடித்து வைத்திருக்க முடியும். அடுத்ததைப் போட்டால் முந்தையது போய்விடும். அடி வாங்கினால் பகடை உருட்டித் தப்பிக்க வேண்டும், தவறினால் மந்திரம் கலைந்துவிடும். கிளெரிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் லெவலிலேயே கிடைக்கும் பிளெஸ், கூட்டாளிகள் மூன்று பேருக்கு, தாக்கும்போதும் மந்திரத்தைத் தாங்கும்போதும் நாலு பக்கப் பகடை ஒன்றைக் கூடுதலாகத் தருகிறது. ஐந்தாம் லெவலில் ஸ்பிரிட் கார்டியன்ஸ் வந்துவிடும். கிளெரிக் நடந்து போகிற பக்கமெல்லாம் எதிரிகள் கருகுவார்கள். இரண்டுமே கான்சன்ட்ரேஷன். அதாவது கிளெரிக்கின் இரண்டு பெரிய பலங்களில் ஒன்றுதான் ஒரு நேரத்தில் உங்களுக்குக் கிடைக்கும்.

சரி, இன்னொரு கிளெரிக்கைச் சேர்த்தால்? ஒருவர் பிளெஸ், மற்றவர் ஸ்பிரிட் கார்டியன்ஸ். இது உண்மையிலேயே நன்றாக ஓடும், நானே ஆடியிருக்கிறேன். ஆனால் இரண்டு பேரும் பிளெஸ் போட்டால் அது ஒன்றன்மேல் ஒன்றாகச் சேராது, ஓர் ஆளின் டர்ன் வீண். அதேபோல் ரேஞ்சரின் ஹன்டர்ஸ் மார்க், வார்லாக்கின் ஹெக்ஸ், விசார்டின் வெப், பார்டின் ஹிப்னாடிக் பேட்டர்ன் எல்லாம் ஒரே கதவில் வரிசை கட்டி நிற்பவை. நாலு மந்திரக்காரர்கள் இருந்தால் சண்டை தொடங்கியதும் நாலு கான்சன்ட்ரேஷன் எழும். பிறகு நாலு பேருமே அடிக்குப் பயந்து பின்வாங்குவார்கள். முன்னால் நிற்க ஆளிருக்காது. கூட்டாளி கார்லாக் மாதிரி கைபலத்தை நம்பும் பார்பேரியனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ரேஜ் என்ற வெறி ஏறியதும் மந்திரம் போடவும் முடியாது, பிடித்து வைக்கவும் முடியாது. எவ்வளவு அடி விழுந்தாலும் கலைய எதுவுமில்லை. ஃபைட்டரான லேஸெல் பேட்டில் மாஸ்டர் என்ற உட்பிரிவில் இருந்தாலும் இதே கதைதான்.

அதனால் நான் வைத்துக்கொண்ட கணக்கு, கான்சன்ட்ரேஷனை நம்பி வாழ்கிறவர்கள் இரண்டு பேர், அது தேவையே இல்லாதவர்கள் இரண்டு பேர். பின்னவர்கள் அடியைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள, முன்னவர்களின் மந்திரம் நிலைக்கும். இதில் ஒரு கூட்டு என்னை இன்றுவரை மகிழ்விக்கிறது. கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற ஃபீட்டை (கூடுதல் திறனை) எடுத்த ஃபைட்டர், தாக்கும் பகடையில் 5 விட்டுக்கொடுத்தால் சேதத்தில் 10 கூடும். அந்த ஐந்தில் சராசரியாகப் பாதியை பிளெஸ் திருப்பிக் கொடுத்துவிடும். உயரமான இடத்தில் நின்று எறிந்தாலோ எய்தாலோ 2 கூடும் என்பது வேறு. குறி தவறிக்கொண்டே இருக்கிற கனமான வாள்காரர் பிளெஸ் விழுந்த அடுத்த டர்னிலேயே வேறு ஆளாகத் தெரிவார்.

கிளெரிக் கூட்டாளியான ஷேடோஹார்ட் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டத்தில் சந்திக்கும்போது அவர் டிரிக்கரி டொமைனில் (டொமைன் என்பது கிளெரிக்கின் உட்பிரிவு) இருப்பார். கதைக்குப் பொருத்தம், சண்டைக்குச் சுமார். அந்த டொமைனின் சொந்தச் சக்தியான இரட்டை உருவமும் கான்சன்ட்ரேஷன் கேட்கிறது, அதாவது பிளெஸ்ஸோடு நேரடிப் போட்டி. முதல் அங்கத்தில் சிதைந்த கோயிலுக்குக் கீழே கல்லறையில் இருக்கும் விதர்ஸைக் கண்டுபிடித்துவிட்டால் அவர் முகாமுக்கு வந்துவிடுவார். 100 பொன் கொடுத்தால் யாருடைய கிளாஸையும் மாற்றித் தருவார். ஷேடோஹார்டை லைஃப் டொமைனுக்கோ லைட் டொமைனுக்கோ மாற்றுவதை எப்போதும் பரிந்துரைப்பேன். கதை ஒரு வரியும் மாறாது.

அடுத்து ஓய்வு. இதைப் பேசுகிறவர்கள் குறைவு, ஆனால் நீண்ட ஆட்டத்தில் குழுவின் மனநிலையைத் தீர்மானிப்பது இதுதான். முகாமில் தூங்கும் ஒரு லாங் ரெஸ்டுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு ஷார்ட் ரெஸ்ட் எடுக்கலாம். ஷார்ட் ரெஸ்டில் மொத்த உயிர்ப்புள்ளியில் பாதி திரும்பும். வார்லாக்கின் மந்திர ஸ்லாட்டுகள் (எத்தனை முறை மந்திரம் போடலாம் என்ற கணக்கு), பேட்டில் மாஸ்டரின் பகடைகள், ஃபைட்டரின் ஆக்‌ஷன் சர்ஜ், மாங்க்கின் கீ என்ற சக்தி எல்லாம் முழுசாகத் திரும்பிவிடும். கிளெரிக், சோர்சரர் ஆகியோரின் ஸ்லாட்டுகளுக்கு லாங் ரெஸ்ட் வேண்டும். சாதாரண நிலையில் லாங் ரெஸ்டுக்கு 40 முகாம் உணவுப்பொருள், டாக்டிஷியனில் 80.

இப்போது வார்லாக் கூட்டாளியான வில், லேஸெல், ஒரு மாங்க் இவர்களோடு விசார்டான கேலையும் சேர்த்துக் கிளம்புங்கள். இரண்டாவது சண்டை முடிந்ததும் மூன்று பேர் புதுசாக நிற்பார்கள். விசார்ட் கிளாஸுக்கென்று கொஞ்சம் ஸ்லாட்டை மீட்கும் வழி இருந்தாலும் கேல் காலியாகிக்கொண்டே போவார். அவருக்காக எல்லோரும் தூங்கப் போவதா, அவரைச் சும்மா நிற்கவிட்டு முன்னேறுவதா என்று ஒவ்வொரு முறையும் இழுபறி. ஷார்ட் ரெஸ்ட் ஆட்கள் மூன்று, லாங் ரெஸ்ட் ஆள் ஒருவர் என்றால் அந்த ஒருவர் எப்போதும் பாரமாகத் தெரிவார், அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும். இரண்டுக்கு இரண்டு என்று வைத்தால் ஒரு நாளின் ஓட்டம் சீராகிறது. பார்ட் ஒருவர் இருந்தால் இன்னும் சௌகரியம். அவருடைய சாங் ஆஃப் ரெஸ்ட் எல்லோருக்கும் கூடுதலாக ஒரு ஷார்ட் ரெஸ்ட் தருகிறது.

இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லாங் ரெஸ்டைச் சிக்கனம் பிடிக்காதீர்கள். கூட்டாளிகளின் கதையில் பெரும்பகுதி இரவில் முகாமில்தான் நகர்கிறது. தூங்காமலே முன்னேறுகிற குழு பல உரையாடல்களைத் தவறவிட்டுவிடும். உணவுப்பொருளும் வழியெங்கும் கிடைக்கிறது, எனக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை.

மூன்றாவது, யார் முதலில். மேசையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் யார் முதலில் நகர்வது என்பதைத் தீர்மானிக்கும் இனிஷியேடிவுக்கு இருபது பக்கப் பகடை. இந்த விளையாட்டில் நாலு பக்கப் பகடைதான். அதனால் சுறுசுறுப்பைக் குறிக்கும் டெக்ஸ்டெரிட்டியிலிருந்து வரும் கூட்டல் மிகப் பெரிய விஷயமாகிறது. 5 கூட்டித் தரும் அலர்ட் ஃபீட் எடுத்தவர் கிட்டத்தட்ட எப்போதும் முதலில் நகர்வார். இந்த ஃபீட்டைப் பலர் வாள்காரருக்குக் கொடுக்கிறார்கள். நான் கொடுப்பது மந்திரக்காரருக்கு. காரணம் எளிது: வாள்காரர் முதலில் ஓடி எதிரிக் கூட்டத்தின் நடுவில் நின்றுவிட்டால், பின்னால் இருக்கிறவர் அங்கே வலையோ தீயோ போட முடியாது, நம் ஆளும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். மந்திரக்காரர் முதலில் வெப்போ ஹங்கர் ஆஃப் ஹடாரோ போட்டு எதிரிகளை ஓரிடத்தில் கட்டிவிட்டால், வாள்காரர் தப்பி வெளியே வருகிறவர்களை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வில்லின் எல்ட்ரிச் பிளாஸ்ட் மந்திரத்தில், எதிரியைத் தள்ளும் ரிபெல்லிங் பிளாஸ்டைச் சேர்த்திருந்தால், வெளியே வந்தவர்களைத் திரும்ப உள்ளே தள்ளவும் செய்யலாம்.

இரண்டாம் அங்கத்தில் லாஸ்ட் லைட் விடுதியில் அதைத் தன் மந்திரத்தால் காத்துவரும் இஸபெலைத் தூக்கிக்கொண்டு போக மார்க்கஸ் என்ற எதிரி வரும் சண்டை இதற்கு நல்ல பரீட்சை. இறக்கை முளைத்த பிறவிகள் நேராக இஸபெலைத்தான் குறிவைக்கும். அவர் விழுந்தால் அந்த விடுதியே கைவிட்டுப் போய்விடும். எவ்வளவு அடிக்கிற குழு என்பது அங்கே இரண்டாம் பட்சம். முதல் டர்னில் யாராவது இஸபெல்மேல், எதிரிகள் குறிவைக்க முடியாதபடி காக்கும் சாங்சுவரி போட்டாக வேண்டும். கிளெரிக்குக்கு அது முதல் லெவல் மந்திரம், டர்னின் முக்கிய வேலை போகத் தனியாக உள்ள போனஸ் ஆக்‌ஷனில் முடிகிறது, கான்சன்ட்ரேஷனும் கேட்பதில்லை. போட்டுவிட்டு அதே டர்னில் வேறு வேலையும் பார்க்கலாம்.

பூட்டு, பொறி விஷயத்துக்கு ரோக் கட்டாயம் என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள். பூட்டு திறக்கும் ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் திறமையை அர்ச்சின், சார்லட்டன் பின்னணிகளே தந்துவிடும். நல்ல டெக்ஸ்டெரிட்டியும் கைடன்ஸ் மந்திரமும் இருந்தால் யாரும் பூட்டைத் திறக்கலாம். ரோக் கூட்டாளியான அஸ்டாரியனை அவர் பேச்சுக்காகக் கூட்டிப்போங்கள், அது போதுமான காரணம். சண்டைக்காகவும் வேண்டுமென்றால் தீஃப் என்ற உட்பிரிவுக்கு மாற்றுங்கள், ஒரு டர்னில் இரண்டு போனஸ் ஆக்‌ஷன் கிடைக்கும்.

பேச்சு என்றதும் நினைவுக்கு வருகிறது. உரையாடலை யார் தொடங்குகிறாரோ அவருடைய திறமைதான் எண்ணப்படும். பெரும்பாலும் அது நீங்கள் உருவாக்கிய கதாநாயகர். அதனால் பேச்சுக்கு உதவும் கரிஸ்மா உள்ள கிளாஸை, அதாவது பார்ட், பேலடின், சோர்சரர், வார்லாக் இவற்றில் ஒன்றைக் கதாநாயகருக்கு வைப்பது நல்லது. என் விருப்பம் பார்ட். பேச்சு, பூட்டு, கூடுதல் ஓய்வு என்று மூன்று வேலையை ஓர் இடத்தில் முடித்துத் தருகிறார். மூன்றாம் லெவலில், ஒரு திறமையைக் கூர்மையாக்கும் எக்ஸ்பெர்டைஸ் வந்ததும் பூட்டுகள் ஒரு பொருட்டே இல்லை.

ஆக, நான் அதிகம் ஆடிய குழு: கதாநாயகர் பார்ட், ஷேடோஹார்ட் லைட் டொமைன், லேஸெல் பேட்டில் மாஸ்டர், நாலாவது இடம் சுழற்சி. நிழல் சாபம் பிடித்த நிலத்தில் கார்லாக். குறுகலான வாசல்கள் உள்ள இடத்தில் வில். நிறையப் படிக்கவும் கேட்கவும் உள்ள பகுதிகளில் கேல், அவர் சொல்லும் விளக்கங்களுக்காகவே. முகாமில் இருப்பவர்களுக்கும் அனுபவப்புள்ளி சேர்ந்துகொண்டே இருப்பதால், மாற்றி மாற்றிக் கூட்டிப்போனாலும் யாரும் பின்தங்குவதில்லை. இந்த ஓர் ஏற்பாட்டுக்காக உருவாக்கியவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். குழுவைப் பரிசோதனை செய்யத் துணிச்சல் தருவதே அதுதான்.

ஆயுதத்தில் ஒரு சிறு கவனம் தேவை. நாலு பேரும் வாளோடு கிரிம்ஃபோர்ஜுக்குப் போகாதீர்கள். அங்கே உலைக்களத்தைக் காக்கும் உலோகப் பூதத்தை லாவாவில் சூடேற்றிய பிறகுதான் அடி இறங்கும், அதுவும் சம்மட்டி மாதிரி மொத்துகிற ஆயுதத்துக்குத்தான் அது பலவீனம். கடைசியாக அடித்தவரைத் துரத்தும் குணம் அதற்கு. அதை வைத்தே லாவாவுக்குள் இழுத்து, மேலே தொங்கும் பெரிய சுத்தியலின் கீழே நிறுத்தலாம். அப்புறம், செத்தவரை எழுப்பும் ரிவிவிஃபை ஸ்க்ரோலை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுங்கள். ஸ்க்ரோலை எந்தக் கிளாஸும் படிக்கலாம். எல்லாவற்றையும் வைத்திருப்பவரே முதலில் செத்தால் மீட்க வழியிருக்காது. ஹானர் மோடில் இது உயிர்நாடி.

குறை என்று பார்த்தால், லெவல் 12-தான் உச்சவரம்பு. மூன்றாம் அங்கத்தைப் பொறுமையாகச் சுற்றிப் பார்க்கிறவர்கள் முடிவுக்கு வெகு முன்பே அதைத் தொட்டுவிடுவார்கள். அதன்பின் நாலு பேரும் அவ்வளவு வலுவாக இருப்பார்கள், இவ்வளவு நேரம் சொன்ன கணக்குகள் சாதாரண நிலையில் தேவைப்படாது. எந்த நாலு பேரும் வென்றுவிடுவார்கள். முதல் அங்கத்தில் ஒரு கோப்ளின் கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்த ருசி அங்கே குறைகிறது. 2023 நவம்பர் கடைசியில் ஹானர் மோட் வந்தது இதற்கு ஓரளவு மருந்து. பெரிய எதிரிகள் நம் டர்னிலும் பதிலடி தருவதால் கடைசிவரை கவனம் தேவைப்படுகிறது.

2025 ஏப்ரலில் வந்த எட்டாம் பேட்ச் கிளாஸுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு புது சப்கிளாஸ் (உட்பிரிவு) சேர்த்தது. வில்லை ஹெக்ஸ்பிளேடாகவும், கேலை வாளேந்தும் பிளேட்சிங்கராகவும் முன்வரிசைக்குக் கொண்டுவர முடிகிறது. இப்போது ஆடிக்கொண்டிருப்பது அந்த இரண்டு பேரும் முன்னால் நிற்கிற குழுதான். பிளேட்சிங்கர் கேல் முன்னால் நின்று அடி வாங்கும்போது கான்சன்ட்ரேஷன் தாங்குமா என்பதுதான் பெரிய சந்தேகமாக இருந்தது. கான்சன்ட்ரேஷனைக் காக்க உதவும் வார் காஸ்டர் ஃபீட் கொடுத்த பிறகு தாங்குகிறது. இரண்டாம் அங்கத்தில், மூன்ரைஸ் கோபுரத்து வாசல்வரை வந்திருக்கிறோம்.