செயற்கை இடுப்பு மூட்டு ஒன்றை முன்கூட்டியே விற்க வருகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் இடுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

பல வருடங்களுக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் என் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. ஸ்குரூ பூட்டினார்கள். அந்த இடம் முறிந்தால் எலும்பின் தலைக்குப் போகும் இரத்த ஓட்டம் கெட்டு, காலப்போக்கில் தலைப்பகுதி உக்கிப்போகலாம். எனக்கும் அதுதான் நடந்தது. புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறேன், படிக்கிற பிள்ளைகள் இருவர். மூட்டை மாற்றத்தான் வேண்டும் என்றார் டொக்டர்.

கிளினிக்கால் வெளியே வரும்போது, கையில் இருந்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஒருவர் தானாகவே வந்து கதைத்தார். “அக்கா, வெளிநாட்டு மூட்டு, கொழும்பு விலையில பாதிதான். டொக்டருக்கு இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ, நான் நேரே ஒப்பரேஷன் தியேட்டருக்குக் குடுக்கிறன்.” சங்கிலியை அடகு வைத்து இரண்டு லட்சம் ரூபா முற்பணம் கொடுத்தேன். பற்றுச்சீட்டு என்று தந்தது கையால் எழுதிய ஒரு துண்டு. கொம்பனிப் பெயரும் இல்லை, பதிவு இலக்கமும் இல்லை.

அப்புறம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மீதிக் காசையும் கேட்டார். அதன் லேபலை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள், பசை விரலில் ஒட்டியது. அளவு, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி எதுவும் இல்லை. நான் மீதியைக் கொடுக்காமல் பெட்டியை டொக்டரிடம் காட்டினேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. எக்ஸ்ரேயை வைத்து அளவை ஓரளவு கணிக்கலாமாம். ஆனால் சரியான அளவு முடிவாவது சத்திரசிகிச்சை மேசையில்தான். அதனால் செயற்கை மூட்டின் பாகங்களான கிண்ணம், உள்உறை, தலை, தண்டு என்று ஒவ்வொன்றிலும் பல அளவுகளை விநியோகிக்கும் கொம்பனியே தியேட்டருக்குக் கொண்டுவரும். தனிப் பெட்டியாக “உங்கட மூட்டு” என்று முதலே விற்க முடியாது.

அன்றிலிருந்து அந்த மனிதரின் போன் வேலை செய்யவில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வலியோடு வருகிற சனத்திடம் இப்படிப் பறிக்க எப்படித்தான் மனம் வருகிறதோ!

மூட்டு வாங்கச் சொன்னால், கொம்பனிப் பெயரை டொக்டரிடமே கேளுங்கள். தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிந்த பொருளா என்றும் கேளுங்கள். காசு போதாவிட்டால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம், பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். நானும் அங்கேதான் கொடுத்திருக்கிறேன். இதே ஆளிடம் காசு கொடுத்தவர்கள் இருந்தால், அந்தத் துண்டை எறியாமல் பொலிஸுக்குக் கொண்டுபோங்கள்.