ஆண்டியா, லாரன்ஸா, மோவா: யாரிடமிருந்து தொடங்கலாம்?

அமெரிக்க, கனடா படக்கதைத் தொடர்களில் தன்பாலீர்ப்புப் பாத்திரங்கள் எப்படி வளர்ந்தார்கள் என்று படிக்க மூன்று நல்ல வாசல்கள் உண்டு: 'டூன்ஸ்பரி'யின் ஆண்டி, 'ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வொர்ஸ்' லாரன்ஸ், 'டைக்ஸ் டு வாட்ச் அவுட் ஃபார்' மோ. நான் லாரன்ஸில்தான் தொடங்கினேன், இன்றைக்கு யார் கேட்டாலும் அவனைத்தான் சொல்வேன்.

ஆண்டிதான் முன்னோடி. 'டூன்ஸ்பரி'யை வரைந்த கேரி ட்ரூடோ 1976இல் அவனைக் கொண்டுவந்தார். ஜோனி என்ற பெண் பாத்திரம் அவன்மேல் ஆசைப்பட, தான் கே என்று சொல்லிவிடுகிறான். அந்தப் பகுதியைப் போட மறுத்த நாளிதழ்கள் உண்டு. அப்புறம் நடுவில் எப்போதாவது தலைகாட்டுவதோடு சரி, 1989இல் எய்ட்ஸோடு திரும்பி வந்து அடுத்த வருடம் இறந்துபோகிறான். அந்த மரணத்தை நாளிதழ் பக்கத்தில் காட்டியது பெரிய துணிச்சல். ஆனால் அவனோடு பழகுவதற்கு நமக்கு நேரமே கிடைப்பதில்லை.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்தப் பழக்கம்தான். லாரன்ஸ் வரும் லின் ஜான்ஸ்டனின் தொடர் 1979இல் தொடங்கியது, அதில் வருபவர்களுக்கும் நம்மைப் போலவே வயதாகும். தொடரின் மையக் குடும்பத்துப் பிள்ளையான மைக்கேலின் பக்கத்து வீட்டுப் பையனாக, கூட விளையாடுகிற சிறுவனாக லாரன்ஸை வாசகர்கள் வருடக்கணக்காகக் காலைக் காப்பியோடு பார்த்து வந்திருக்கிறார்கள், 1993 மார்ச்சில் அவன் தான் கே என்று சொன்னபோது அது தெரிந்த பிள்ளை ஒருவன் சொன்னதாகவே அவர்களுக்கு இருந்திருக்கும். முதலில் மைக்கேலே நம்ப மறுக்கிறான். அம்மா கோனி ஏற்க மாட்டேன் என்கிறாள், மாற்றாந்தந்தை வீட்டைவிட்டே துரத்துகிறார், அப்புறம் அதே அம்மா பிள்ளையைக் காணோமே என்று பதறுகிறாள், மைக்கேல் தேடப் போகிறான். வில்லன் என்று ஒருவரும் கிடையாது, பயந்துபோன பெரியவர்கள்தான். இதற்காகப் பத்தொன்பது நாளிதழ்கள் தொடரையே நிறுத்தின, இன்னும் பல பத்திரிகைகள் அந்த வாரங்களில் வேறு கதையைப் போட்டுச் சமாளித்தன. மறுவருடம் புலிட்சர் என்ற அமெரிக்க இதழியல் பரிசின் இறுதிப் பட்டியலில் ஜான்ஸ்டன் பெயர் இருந்தது.

டூன்ஸ்பரியின் மார்க்கும் பழைய ஆள்தானே, அவனும் 1993-94இல் வெளிப்படையாக வந்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே அரசியல் கிண்டல்தான் முன்னால் நிற்கிறது, வீட்டுக்குள் என்ன ஆகிறது என்பது பின்னால் போய்விடுகிறது.

லாரன்ஸிடம் ஒரு குறை உண்டு, அதை மறைக்க முடியாது. சொல்லி முடித்த பிறகு அவன் மறுபடி ஓரத்துக்குப் போய்விடுகிறான், அவன் காதலும் வேலையும் எட்ட நின்றுதான் தெரிகின்றன. அங்கே அலிசன் பெக்டெலின் மோதான் முந்துகிறாள். 1983இல் தொடங்கி 2008 வரை மாற்றுப் பத்திரிகைகளில் ஓடிய அந்தத் தொடரில் கதையே தன்பாலீர்ப்புப் பெண்களுடையது: மோ வேலை பார்க்கும் புத்தகக் கடை மூடப்படுகிறது, இணையர்களான கிளாரிஸும் டோனியும் பிள்ளை வளர்க்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். நான் இதைத் தொகுப்பாக மட்டுமே படித்தவன், இதழுக்கு இதழ் காத்திருந்து படித்தவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம். ஏற்கெனவே தேடி வந்த வாசகர்களுக்காக எழுதப்பட்டது என்பதால், தற்செயலாகப் பக்கத்தைப் புரட்டியவர்களை அது எட்டியிருக்க வாய்ப்புக் குறைவு.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: லாரன்ஸின் 1993 பகுதியை மட்டும் தனியாக எடுத்துப் படிக்க வேண்டாம். அதற்கு முந்தைய இரண்டு மூன்று வருடத் தொகுப்புகளையாவது முடித்துவிட்டு அங்கே வாருங்கள். மோவை அடுத்து எடுக்கலாம்.