டெனோ ப்ராஜெக்ட்டுக்கு ஜேஎஸ்ஆரா, என்பிஎம்மா, பழைய யூஆர்எல்லே போதுமா?

ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் டெனோவில் எழுதிய என் சிறிய ப்ராஜெக்ட்டில் நாற்பது சொச்சம் கோப்புகள். அண்மைக்காலம் வரை அவற்றின் இம்போர்ட் வரிகள், அதாவது பிறர் எழுதிய நிரலை உள்ளே கொண்டுவரும் வரிகள், எல்லாம் முழுநீள யூஆர்எல்கள்தான். இப்போது ஒன்றிரண்டைத் தவிர மற்றவை ஜேஎஸ்ஆர் என்ற பேக்கேஜ் களஞ்சியத்துக்குப் போய்விட்டன. எனவே நான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை.

முதல் வழி, இருப்பதை அப்படியே விட்டுவிடுவது. 2020இல் டெனோ 1.0 வந்தபோது, எதையும் நிறுவாமல் ஒரு முகவரியை ஒட்டினாலே வேலை நடக்கும் என்பதுதான் அதன் கவர்ச்சி. அந்த முகவரிகள் இன்றும் ஓடுகின்றன. வருடத்துக்கு ஒருமுறை தொடும் ஸ்கிரிப்ட் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் டெனோவின் ஸ்டாண்டர்ட் லைப்ரரி அந்தப் பழைய யூஆர்எல் முகவரியில் 0.224.0 வெர்ஷனோடு நின்றுவிட்டது. புதியவை எல்லாம் ஜேஎஸ்ஆரில்தான்.

நோட்.ஜேஎஸ் உலகின் பேக்கேஜ் களஞ்சியமான என்பிஎம்மைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கிடைக்காத பேக்கேஜ் அபூர்வம். டெனோ 1.28இலிருந்து முன்னொட்டு ஒன்றைச் சேர்த்தால் நேராகவே எடுத்துக்கொள்ளலாம். குறை என்றால், பெரும்பாலும் கைக்கு வருவது டைப்ஸ்கிரிப்ட்டில் (டைப்புகள் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) எழுதிய மூல நிரல் அல்ல, அதிலிருந்து உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட். சிலவற்றுக்கு டைப்புகளைத் தனியாகத் தேட வேண்டும்.

ஜேஎஸ்ஆர் 2024 மார்ச்சில் பொது பீட்டாவாகத் திறந்தது. டைப்ஸ்கிரிப்ட் மூல நிரலை அப்படியே ஏற்றலாம். ஜாவாஸ்கிரிப்ட்டின் அதிகாரபூர்வ மாட்யூல் முறையான ஈஎஸ் மாட்யூல் மட்டும்தான், நோட்டின் பழைய முறையான காமன்ஜேஎஸ்ஸுக்கு இடமில்லை. நோட்காரர்களும் பயன்படுத்தலாம். இதெல்லாம் நல்லதுதான், ஆனால் நான் மாறியது இதற்காக அல்ல.

ஒருநாள் ஒரு பிழையைப் பிடிக்கும் நிரல் அதைப் பிடிக்காமல் போனது. ஒரு பொருள் குறிப்பிட்ட கிளாஸைச் சேர்ந்ததா என்று பார்க்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் சோதனை பொய் என்றது. அச்சிட்டுப் பார்த்தால் கிளாஸ் பெயர் அதேதான். ஒரு மாலை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அப்புறம்தான் புரிந்தது: நான் ஒரு வெர்ஷனை இம்போர்ட் செய்திருந்தேன், நான் நம்பியிருந்த இன்னொரு லைப்ரரி அதே பேக்கேஜின் சற்றுப் பழைய வெர்ஷனை உள்ளே இழுத்திருந்தது. டெனோவுக்கு யூஆர்எல் என்பது வெறும் எழுத்துச்சரம். ஓர் எண் மாறினாலும் அது வேறு மாட்யூல். ஆகவே ஒரே கிளாஸுக்கு இரண்டு பிரதிகள், ஒன்றை மற்றொன்று அடையாளம் காணாது.

டெப்ஸ் கோப்பு ஒன்றை வைத்து எல்லா முகவரிகளையும் அதில் குவிக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. அது என் நிரலைத்தான் ஒழுங்குபடுத்தும். அடுத்தவர் லைப்ரரிக்குள் என்ன எழுதியிருக்கிறதோ அதன்மேல் எனக்கு அதிகாரம் இல்லையே! ஜேஎஸ்ஆருக்கு வெர்ஷன் எண்ணின் பொருள் தெரியும். இருவரும் 1-இன் ஏதோ ஒரு வெர்ஷன் போதும் என்று கேட்டால் பொதுவாக ஒரே பிரதியில் முடித்துவிடும். முதல் எண்ணே வேறென்றால் இங்கும் இரண்டுதான். அதோடு, உள்ளே யூஆர்எல் இம்போர்ட் வைத்திருக்கும் பேக்கேஜை ஜேஎஸ்ஆர் ஏற்பதே இல்லை. அந்த ஓட்டை அடைபட்ட மாதிரிதான். டெனோ.ஜேசன் என்ற அமைப்புக் கோப்பில் பேக்கேஜுக்கு ஒரு வரி, எதெது பழசாகிவிட்டது என்று சொல்ல டெனோ 2.1இலிருந்து தனிக் கட்டளை. முன்பு கோப்பு கோப்பாகத் தேடி எண்ணை மாற்றிக்கொண்டிருந்தேன்.

மாற்றத்தில் வலி இல்லாமல் இல்லை. ஒரே எண்ணில் வந்த ஸ்டாண்டர்ட் லைப்ரரி இப்போது தனித்தனிப் பேக்கேஜ்கள், ஒவ்வொன்றுக்கும் தனி எண். கட்டளைவரியில் தருவதைப் பிரித்துப் படிக்கும் பழைய ஃப்ளாக்ஸ் மாட்யூல் போய், சிஎல்ஐ பேக்கேஜில் பார்ஸ்ஆர்க்ஸ் என்று வேறு பெயரில் இருக்கிறது. வெப் சர்வரைத் தொடங்கும் பழைய சர்வ் ஃபங்ஷனுக்குப் பதில் டெனோவிலேயே உள்ளதை எடுக்க வேண்டியிருந்தது. ஒரு லைப்ரரியை எழுதியவர் அதை ஜேஎஸ்ஆருக்குக் கொண்டுவரவே இல்லை, அதை என்பிஎம்மிலிருந்து எடுத்தேன்.

ஒன்று: ஜேஎஸ்ஆரில் எல்லாமே பொதுவெளிதான். அலுவலகத்துக்குள் மட்டும் பகிரும் பேக்கேஜ்கள் இருந்தால் என்பிஎம் பக்கமே இருங்கள். வெளியிடும் அனுபவமும் எனக்குக் குறைவு, ஒரே ஒரு குட்டிப் பேக்கேஜ்தான் ஏற்றியிருக்கிறேன். எக்ஸ்போர்ட் செய்யும் ஃபங்ஷன் எதைத் திருப்பித் தருகிறது என்று டைப்பை எழுதாமல் விட்டதற்கு ஜேஎஸ்ஆர் முகம் சுளித்தது. பெரிய லைப்ரரி வைத்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு வேலை என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மாற்றுவதானால் ஸ்டாண்டர்ட் லைப்ரரியை மட்டும் முதலில் மாற்றி டெஸ்ட்களை ஓட்டிவிடுங்கள். நான் எல்லாவற்றையும் ஒரே கமிட்டில் போட்டுவிட்டு, எது உடைத்தது என்று தெரியாமல் பாதியில் திரும்பி வந்தேன்.