பர்ஸ்ட்டா, எக்ஸ்ப்ளோடா: வெடிக்கிற இடத்தில் எதை எழுதுவது?

தமிழ்க் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் வேலையில் 'வெடித்தது' என்ற சொல் அடிக்கடி குறுக்கே வந்து நிற்கும். டயர் வெடிக்கும், பருத்தி வெடிக்கும், எரிமலை வெடிக்கும், கலவரம் வெடிக்கும், அடக்கி வைத்த அழுகையும் வெடிக்கும். ஆங்கிலத்தில் இத்தனையையும் ஒரே வினையை வைத்துச் சமாளிக்க முடியாது. பர்ஸ்ட், எக்ஸ்ப்ளோட், எரப்ட், பாப் என்று நான்கு வினைகள் போட்டிக்கு நிற்கும். பெரிய போட்டி முதல் இரண்டுக்கும் நடுவில்தான். சந்தேகம் வந்தால் நான் பர்ஸ்ட் பக்கம் சாய்கிறவன். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன். எக்ஸ்ப்ளோட் ஜெயிக்கும் இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

மற்ற இரண்டையும் முதலில் முடித்துவிடலாம். எரப்ட் என்பது அடியிலிருந்து மேலே கிளம்பி வருவதற்கு: எரிமலை, தோலில் தடிப்பு, ஈறைக் கிழித்துக்கொண்டு வரும் பல், அப்புறம் கலவரம், கைதட்டல். பாப் சின்னச் சத்தத்துக்கு: பலூன், பாட்டில் மூடி, சோளப்பொரி. இந்த இரண்டிலும் குழப்பம் வருவது அபூர்வம்.

பர்ஸ்ட்டின் நேர்ப்பொருள் எங்கே இருக்கிறது என்று பார்க்க, பைபிளில் வரும் துருத்தி உவமை போதும். புது திராட்சரசத்தைப் பழைய தோல் துருத்தியில் ஊற்றினால், ரசம் புளித்து வாயு சேரும். நெகிழ்வு போன பழைய தோல் தாங்காமல் பிய்ந்துபோகும். 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் லூக்கா 5:37-இல் இதற்கு இருக்கும் வினை பர்ஸ்ட். தமிழ் பைபிள் 'கிழித்துப்போடும்' என்கிறது. சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார்கள். பர்ஸ்ட் நடக்க மூன்று வேண்டும்: உள்ளே ஏதோ நிறைய வேண்டும், அதைச் சுற்றி ஒரு உறை இருக்க வேண்டும், அந்த உறை இனி தாங்காது என்ற கட்டம் வர வேண்டும். தீ வேண்டாம், மருந்து வேண்டாம், சத்தம்கூட வேண்டாம்.

குளிர்நாட்டு வீடுகளில் பனிக்காலத்தில் தண்ணீர்க் குழாய் பிளந்துபோவது வழக்கமான தொல்லை. தண்ணீர் உறையும்போது அதன் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும். பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்முனைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரின் அழுத்தம் ஏறி, குழாய் பிளந்துவிடும். இதற்கு பர்ஸ்ட். 'குழாய் எக்ஸ்ப்ளோட் ஆனது' என்று எழுதினால் படிப்பவர் எரிவாயுக் குழாய் என்று நினைத்துவிடுவார். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு-2 அணை உடைந்து மோர்பி நகரமே மூழ்கியது. நாம் 'உடைந்தது' என்கிறோம், ஆங்கிலம் பர்ஸ்ட் என்கிறது. அங்கே எக்ஸ்ப்ளோட் போட்டால், யாரோ குண்டு வைத்தார்கள் என்று ஆகிவிடும். ஆறு கரையை உடைத்துக்கொண்டு வருவதற்கும் பர்ஸ்ட்தான். பருத்திக் காய் வெடித்துப் பஞ்சு தெரிவதற்கும் அதுவே. குளிர்காலம் முடிந்து மொட்டு விரிவதைத் தாவரவியலாளர்களும் திராட்சைத் தோட்டக்காரர்களும் 'பட்பர்ஸ்ட்' என்றே சொல்கிறார்கள். ஒரு மொட்டு எத்தனை மெதுவாக, ஓசையில்லாமல் விரிகிறது! அதற்கும் பொருந்துகிற வினை இது.

எக்ஸ்ப்ளோட் வேறு மாதிரி. அங்கே கண் போவது உறையை நோக்கி அல்ல, சுற்றுப்புறத்தை நோக்கி. கைபேசி பேட்டரி, எரிவாயு சிலிண்டர், மைக்ரோவேவில் ஓட்டோடு வைத்த முட்டை: சிதறியது எங்கெல்லாம் போய் ஒட்டியது என்பதுதான் அங்கே கதை. நான் எழுதும்போது இதையே சோதனையாக வைத்துக்கொள்கிறேன். எது கிழிந்தது என்று வாசகர் பார்க்க வேண்டுமானால் பர்ஸ்ட். எது சிதறியது, யாருக்கு அடிபட்டது என்று பார்க்க வேண்டுமானால் எக்ஸ்ப்ளோட். டயர் விஷயத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். அங்கே மட்டும் வழக்கத்தையொட்டி பர்ஸ்ட் போட்டுவிடலாம்.

மனசைப் பற்றி எழுதும்போது பர்ஸ்ட்டின் பலம் முழுதாகத் தெரிகிறது. 'பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்' என்றால் அழுதாள் என்பதோடு, அதுவரை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பதும் சேர்ந்தே வருகிறது. அந்த 'அதுவரை' ஒரு கதைக்கு எவ்வளவு முக்கியம்! துஷ்டி வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக்கொண்டிருந்த மூத்த மகள், தாய்மாமனைக் கண்டதும் உடைந்துபோகிறாள் என்று ஒரு வரி இருந்தால், 'ஷீ பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்' அந்த நாள் முழுவதையும் தாங்கி நிற்கும். எக்ஸ்ப்ளோட் போட்டால் அவள் மாமனிடம் சண்டைக்குப் போனாள் என்றாகிவிடும். பெருமைக்கும் அப்படியே: 'பர்ஸ்டிங் வித் பிரைட்' என்றால் உள்ளே நிறைந்து ததும்புகிறது, இன்னும் கொட்டவில்லை. பெருமையில் யாரும் எக்ஸ்ப்ளோட் ஆவதில்லை. ரகசியத்தைச் சொல்லத் துடிப்பது 'பர்ஸ்டிங் டு டெல்'. பாட ஆரம்பிப்பது 'பர்ஸ்ட் இன்டு சாங்'. இடமே இல்லாமல் நிறைந்த கூடத்துக்கு 'பர்ஸ்டிங் அட் த சீம்ஸ்', அதாவது தையல் விட்டுப்போகிற அளவுக்குக் கூட்டம். எல்லாவற்றிலும் அதே துருத்திதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 'ஐ ஆம் பர்ஸ்டிங்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், பிரிட்டிஷ் காதுக்கு அவசரமாகக் கழிப்பறை தேடுகிறவர் பேச்சாகக் கேட்கும். பின்னால் எதற்காக என்பதைச் சேர்த்துவிடுங்கள்.

இலக்கணத்தில் ஒரு நெளிவும் இருக்கிறது. இன்டு வந்தால் பின்னால் பெயர்ச்சொல்: இன்டு டியர்ஸ், இன்டு லாஃப்டர், இன்டு ஃபிளேம்ஸ். அவுட் வந்தால் பின்னால் 'இங்' வடிவம்: பர்ஸ்ட் அவுட் லாஃபிங், பர்ஸ்ட் அவுட் கிரையிங். 'பர்ஸ்ட் அவுட் டியர்ஸ்' என்று இரண்டையும் கலந்து எழுதுவதை நம் ஊர் ஆங்கிலத்தில் நிறையப் பார்க்கலாம். இந்த ஒரு ஜோடியைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கோபம் மட்டும் எக்ஸ்ப்ளோடுக்கே போக வேண்டும். கோபம் வெளியே வந்தால் எதிரில் இருப்பவர் மேல் விழும், அதனால் சிதறல் படம் பொருந்துகிறது. அப்பா கத்தினார் என்றால் எக்ஸ்ப்ளோட், அம்மா விம்மினாள் என்றால் பர்ஸ்ட். சிரிப்புக்கு இரண்டும் ஆகும். அரங்கமே அதிர்ந்தது என்றால் எக்ஸ்ப்ளோட் எடுப்பாக இருக்கும்.

இதுவரை சொன்னதில் தவறினால் வாக்கியம் கொஞ்சம் கோணலாகும், அவ்வளவுதான். ஆனால் ஓரிடத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டால் செய்தியே தலைகீழாகிவிடும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை எனக்குத் தீர்த்துவைப்பதும் அந்த இடம்தான், ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அளவு, விலை, எண்ணிக்கை பற்றிய பேச்சில் எக்ஸ்ப்ளோட் என்றால் ஏற்றம், பர்ஸ்ட் என்றால் முடிவு. மக்கள்தொகை எக்ஸ்ப்ளோட் ஆனது என்றால் மளமளவென்று பெருகியது. மக்கள்தொகை பர்ஸ்ட் ஆனது என்றால் ஆங்கிலத்தில் பொருளே இல்லை. நோயாளிகள் எண்ணிக்கை, வீட்டு வாடகை, இணையப் பயன்பாடு எல்லாம் பெருகினால் எக்ஸ்ப்ளோட். மறுபக்கம், விலைகள் காற்றடைத்தது போல ஊதி நிற்கும் நிலையை ஆங்கிலம் பபிள், அதாவது குமிழி என்கிறது. குமிழிக்கு ஒரே கதிதான்: பர்ஸ்ட். 1720-இல் லண்டனில் சவுத் ஸீ கம்பெனிப் பங்குகள் சரிந்ததிலிருந்து இந்தக் குமிழிப் பேச்சு ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. டாட்காம் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக் குறியீடு 2000 மார்ச் 10 அன்று 5,048 புள்ளிகளில் முடிந்தது. 2002 அக்டோபர் 9 அன்று 1,114. மேலே போன வருடங்களைப் பற்றி 'இணையப் பங்குகள் எக்ஸ்ப்ளோட் ஆயின' என்று எழுதலாம். கீழே வந்ததற்கு 'குமிழி பர்ஸ்ட் ஆனது' என்றுதான் எழுத வேண்டும். 'மனை வணிகம் வெடித்தது' என்ற தமிழ் வரியை யோசிக்காமல் எக்ஸ்ப்ளோட் என்று மாற்றினால், நொடித்துப்போனவர்களைக் கொழித்தவர்கள் ஆக்கிவிடுவோம்.

ஆளைப் பற்றியும் இதே கணக்கு. ஒருவர் திடீரென்று அரங்குக்குள் நுழைந்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தால் 'பர்ஸ்ட் ஆன்டு த சீன்'. அவரால் ஒரு துறையே பெருகினால் அந்தத் துறை எக்ஸ்ப்ளோட் ஆகிறது. சென்னையில் வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இன்று இந்திய கிராண்ட்மாஸ்டர்கள் 80 பேரைத் தாண்டிவிட்டார்கள். ஆனந்துக்கு பர்ஸ்ட், இந்தியச் சதுரங்கத்துக்கு எக்ஸ்ப்ளோட். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் அதனதன் இடத்தில் வைக்கலாம்.

இந்தக் கணக்குக்கு அடங்காத தொடர் ஒன்று உண்டு: 'எக்ஸ்ப்ளோட் எ மித்'. ஒரு கட்டுக்கதையை எக்ஸ்ப்ளோட் செய்தால் அது பெருகுவதில்லை, பொய்யென்று அம்பலமாகிறது. காரணம் அந்த வினையின் பிறப்பில் இருக்கிறது. லத்தீனில் பிளவுடெரே என்றால் கைதட்டுவது. ஆங்கிலத்தின் அப்ளாஸும் அதிலிருந்துதான். அதனோடு 'எக்ஸ்' சேர்த்தால், நடிகரைக் கைதட்டி, கூச்சலிட்டு மேடையை விட்டுத் துரத்துவது. ஆங்கிலத்துக்கு வந்தபோதும் ஒரு கருத்தை இகழ்ந்து ஒதுக்குவது என்ற பொருளில்தான் வந்தது. குண்டு வெடிப்பது என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஊன்றியது. அதாவது நாம் நேர்ப்பொருள் என்று நினைப்பது பின்னால் வந்தது, உருவகம் என்று நினைப்பது முன்னால் வந்தது. பர்ஸ்ட்டுக்கு இந்தச் சுற்றுவழி கிடையாது. பழைய ஆங்கிலத்தில் பெர்ஸ்டன், இன்றைய ஜெர்மனிலும் அதே பெர்ஸ்டன். உடைவது, பிளப்பது என்றுதான் ஆரம்பமே. உருவகம் எல்லாம் அந்த உடைசலின் மேல் ஏறி வந்தவை. கிராமத்துப் பேச்சை மொழிபெயர்க்கும்போது அந்த நாட்டுத்தன்மை எனக்கு உதவுகிறது. எக்ஸ்ப்ளோடில் கொஞ்சம் செய்தித்தாள் வாசனை வரும்.

பர்ஸ்ட்டின் குறை அதன் வடிவத்தில். நிகழ்காலம், இறந்தகாலம், இறந்தகால எச்சம் மூன்றுக்கும் பர்ஸ்ட்தான், கட், புட், ஹிட் மாதிரி. 'பர்ஸ்டட்' என்பதை இன்றைய அச்சு ஆங்கிலம் ஏற்பதில்லை. இதனால் 'தே பர்ஸ்ட் இன்டு சாங்' என்ற வாக்கியம் தனியாக நின்றால், பாடுகிறார்களா பாடினார்களா என்று தெரியாது. நிகழ்காலத்தில் எழுதிய கதையில் இது உண்மையான தொல்லை. பக்கத்து வாக்கியத்தில் காலம் தெளிவாகத் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எக்ஸ்ப்ளோடில் அந்தக் கவலை இல்லை, 'எட்' சேர்த்துவிட்டுப் போகலாம்.

அமெரிக்காவில் பர்ஸ்ட்டின் பேச்சுவடிவமாக பஸ்ட் கிளம்பி, தனிச் சொல்லாகவே ஆகிவிட்டது. 'கோ பஸ்ட்' என்றால் திவாலாவது. 'பூம் அண்ட் பஸ்ட்' என்றால் ஏறி விழும் பொருளாதாரம். அமெரிக்கப் பேச்சு நடையில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால், உரையாடலில் பஸ்ட் வரும் இடங்களில் அங்கே வாழ்கிற நண்பர்களிடம் கேட்காமல் நான் கை வைப்பதில்லை.

கடைசியாக, நம் வீட்டுப் பிரச்சினை. 'வீ பர்ஸ்ட் கிராக்கர்ஸ்' என்று தீபாவளியைப் பற்றி இந்தியாவில் எல்லோரும் எழுதுகிறோம், நாளிதழ்களும் அப்படியே எழுதுகின்றன. பிரிட்டிஷ் வாசகருக்கு இது இடறும். அவர்கள் பட்டாசை 'லெட் ஆஃப்' அல்லது 'செட் ஆஃப்' செய்கிறார்கள். கிராக்கர் என்றால் அவர்களுக்கு உப்பு பிஸ்கட், அல்லது கிறிஸ்துமஸ் மேசையில் இருவர் இழுத்துப் பிரிக்கும் காகிதச் சுருள். அதற்காக நம் வழக்கைப் பிழை என்று திருத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இத்தனை கோடிப் பேர் ஒரே பொருளில் தினசரி எழுதுகிற தொடர் இந்திய ஆங்கிலத்தின் சொத்து. பொருளிலும் தப்பில்லை: இறுக்கிச் சுற்றிய காகித உறை, உள்ளே அழுத்தம், ஒரு கணத்தில் கிழிசல். இந்தியப் பதிப்பகத்துக்குப் போகும் மொழிபெயர்ப்பில் பர்ஸ்ட்டை அப்படியே விட்டுவிடுகிறேன். வெளிநாட்டுப் பதிப்பு என்றால், கதைசொல்லியின் குரலில் 'லெட் ஆஃப்' என்று மாற்றுகிறேன். பாத்திரங்கள் பேசும் வரிகளில் மட்டும், பதிப்பாசிரியர் மாற்றச் சொல்லிக் கேட்டாலும், பர்ஸ்ட்தான் இருக்க வேண்டும் என்று நிற்கிறேன்.