புடவைக்கு அடியில் இருந்த ரிப்போர்ட்

சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில் திருச்சி போனேன். அதில் மூன்று நாள் தங்கையோடு ஆஸ்பத்திரி அலைச்சல். அவளுடைய முதல் குழந்தைக்கு முதுகுத்தண்டு மூடாமல் இருந்தது. பிறந்து நான்கு நாள்தான் இருந்தது. அடுத்ததற்கும் வருமா? இரண்டு வருடமாக வீட்டில் இதே கேள்வி. அம்மா கிரகணத்தைச் சொல்வார், சம்பந்தி வீட்டில் எங்கள் வம்சத்தைச் சொல்வார்கள்.

முதல் நாள், பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காக ஒரு தனியார் சென்டரில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தோம். கடைசியில் "சிஸ்டம் மாத்திட்டோம் சார், பழசு இல்ல" என்றார்கள். நல்லவேளை, அம்மா பீரோவில் புடவைக்கு அடியில் ஒரு நகல் வைத்திருந்தார்.

மறுநாள் ஜெனடிக் கவுன்சலிங், அதாவது குடும்பத்தில் குறை மறுபடி வருமா என்று பார்த்துச் சொல்லும் ஆலோசனை. ஸ்கேனுக்குக் கொடுத்ததைவிடக் கட்டணம் குறைவு, நேரமோ முக்கால் மணி. அந்த டாக்டரம்மா மூன்று தலைமுறையை வரைந்தார்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. தாத்தா அக்கா மகளைக் கட்டியவர். அங்கே இரட்டைக் கோடு விழுந்ததும் தங்கை முகம் வாடிவிட்டது. "இதுக்கும் அதுக்கும் முடிச்சுப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு ரிப்போர்ட்டைக் கேட்டார். குறை முதுகில் மட்டுமா, இதயம், சிறுநீரகத்திலும் இருந்ததா என்பதைப் பொறுத்துத்தான் கணக்காம். பெற்றோர் இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருந்து வரும் நோய்களில், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 4க்கு 1. முதுகு மட்டும் என்றால், மறுபடி வர 100க்கு 2 அல்லது 3தான். எங்களுடையது இரண்டாவது வகை.

அப்புறம் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை. கரு உருவாகி 28 நாளுக்குள் முதுகுத்தண்டு மூடிவிடுமாம். நாள் தள்ளிப்போனது தெரிந்தபின் தொடங்கினால் பெரும்பாலும் தாமதம்தான். 1991இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே இப்படிக் குழந்தை பெற்ற பெண்கள் முன்கூட்டியே தினம் 4 மில்லிகிராம் எடுத்ததில் மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. இங்கே எழுதிக் கொடுத்தது 5 மில்லிகிராம் மாத்திரை. ஒரு மாத்திரை ஒரு டீ விலைகூட இல்லை. இதை முதல் பிரசவத்துக்குப் பிறகு யாரும் அவளுக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மூன்றாம் நாள் சர்க்கரை டெஸ்ட். அதுவும் ஒரு காரணமாகலாமாம். நார்மல்.

கிளம்பும்போது அம்மா ரிப்போர்ட்டை மறுபடி புடவைக்கு அடியில் வைக்கப் போனார். வாங்கி மூன்று ஜெராக்ஸ் எடுத்தேன். ஒன்று என்னோடு சிங்கப்பூர் வந்துவிட்டது.