429 டாலர் இன்ஜின் கிட்டும் ஒரு பழைய ஷெவி 350-உம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கிட்டை, அதாவது பழைய இன்ஜினைப் புதுப்பிக்கத் தேவையான பாகங்களை மொத்தமாகப் போட்டு விற்கும் பெட்டியை, வாங்கலாம். ஆனால் அதில் வரும் கேம்ஷாஃப்டையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்) லிஃப்டர்களையும் (கேமின் தள்ளலை வால்வுப் பக்கம் கடத்தும் சின்ன உருளைகள்) நம்பி வாங்காதீர்கள், பிஸ்டனை அளக்காமல் பிளாக்கில் (சிலிண்டர்கள் உள்ள இன்ஜினின் இரும்பு உடல்) இறக்காதீர்கள். அவசரக்காரர்களுக்கு இவ்வளவு போதும். மற்றவர்கள் ஒரு காபி போட்டுக்கொண்டு வாருங்கள், கொஞ்சம் நீளும்.

நான் இருப்பது வட கரோலினாவில், வின்ஸ்டன்-சேலத்துக்குப் பக்கத்தில். இங்கே போமன் கிரே ஸ்டேடியம் என்று ஒன்று இருக்கிறது. நடுவில் அமெரிக்கக் கால்பந்து மைதானம், அதைச் சுற்றிக் கால் மைல் தார்ப்பாதை, 1949-லிருந்து கோடை வந்தால் சனிக்கிழமை இரவுகளில் அதில் ஸ்டாக் கார் ரேஸ். கால் மைல் என்பதால் ஒருவரை ஒருவர் இடிக்காமல் முந்தவே வழியில்லை, இடித்தால் கூட்டம் எழுந்து நின்று கத்தும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருமுறை கூட்டிப்போனார், அத்தோடு போயிற்று என் சனிக்கிழமை. அவரே இன்னொரு சின்ன டிராக்கில் ஸ்ட்ரீட் ஸ்டாக் பிரிவில் ஒரு கிழட்டு வண்டி வைத்திருக்கிறார். போன சீசன் கடைசியில் ராட் பேரிங் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் ராடின் பேரிங்) இடத்தைவிட்டுச் சுழன்று இன்ஜின் போய்விட்டது. "உன் கராஜ் காலியாகத்தானே இருக்கிறது" என்று அவர் கேட்டபோது நான் மறுத்திருக்கவேண்டும்.

ஸ்டாக் கார் என்ற பேருக்கு அர்த்தமே கடையில் விற்கிற வண்டி என்பதுதான். நாஸ்கார் என்ற அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பின் மேல்மட்டத்தில் அது எப்போதோ வெறும் பேராகிவிட்டது. ஸ்ட்ரீட் ஸ்டாக்கில் மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது: கம்பெனி வார்த்த இரும்பு பிளாக், இரும்பு ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), எங்கள் டிராக் விதிப்படி ஹாலியின் 4412 கார்புரேட்டர், அதாவது நிமிடத்துக்கு 500 கன அடி காற்று விடுகிற (500 சி.எஃப்.எம்.) இரண்டு வாய் (பேரல்) வகை. எவ்வளவு பெரிய கேம் போட்டாலும் அந்தக் கார்புரேட்டர் விடுகிற காற்றைத் தாண்டி இன்ஜின் மூச்சுவிட முடியாது. பட்ஜெட்காரர்களுக்கு இது வரம்.

வேறு வழியும் இருந்தது. ஷெவியின் தாய்க் கம்பெனியான ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) தானே 602 என்று ஒரு ரேஸ் இன்ஜினைப் பெட்டியில் போட்டு விற்கிறது. 350 குதிரைசக்தி, யாரும் உள்ளே கைவைத்துவிடக்கூடாது என்று போல்ட்டுகளுக்கு சீல் வைத்திருப்பார்கள், இறக்கி மாட்டி ஓட்டவேண்டியதுதான். ஆனால் விலை நாலாயிரம் டாலருக்கு மேல். பெரியவர் வண்டியே அவ்வளவு பெறாது.

அதனால் உடைப்புக்குப் போன ஒரு பிக்கப்பிலிருந்து 200 டாலருக்கு ஒரு ஷெவி (ஷெவர்லே) 350 வாங்கினோம், 350 என்பது கன அங்குலத்தில் இன்ஜினின் கொள்ளளவு. ஷெவியின் ஸ்மால் பிளாக் குடும்பம் 1955-இல் தொடங்கியது, அதில் 350 வந்தது 1967-இல். 4 அங்குல போர் (சிலிண்டர் விட்டம்), 3.48 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்). எங்களுடையதில் பின்பக்கம் 3970010 என்ற வார்ப்பு எண் இருந்தது, இந்த ஊரில் அதைப் பார்த்தாலே "ஓ, டென் பிளாக்" என்று கண்ணை விரிப்பார்கள். மெயின் கேப்புக்கு (கிராங்கைப் பிளாக்கில் பிடித்துவைக்கும் மூடி) நாலு போல்ட் இருக்கும் என்று ஆசைப்பட்டு ஆயில் பேனைக் கழற்றினோம், இரண்டுதான். பரவாயில்லை, நாங்கள் போவது நிமிடத்துக்கு 5,500 சுற்று வரைதான்.

இனி கிட்டுக்கு வருவோம். கடைப்பேர் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இதே பெட்டியை வேறு வேறு பேரில் பலரும் விற்கிறார்கள். 429 டாலருக்கு பிஸ்டன், ரிங், மெயின் மற்றும் ராட் பேரிங், கேம் பேரிங், முழு கேஸ்கெட் செட், ஆயில் பம்ப், டைமிங் செயின், ஃப்ரீஸ் பிளக், அப்புறம் ஒரு கேமும் 16 லிஃப்டரும். தனித்தனியாக வாங்கினால் இந்த விலைக்கு வராது, அது உண்மை.

ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒன்று. பிளாக்கையும் கிராங்கையும் முதலில் மெஷின் ஷாப்பில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு வாய்த்தவர் தனியாளாகக் கடை நடத்தும் ஒரு வயசாளி. என் சித்தப்பா கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தார், அவர் மாதிரியே இவரும் மைக்ரோமீட்டரைக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடிக்கிறார், அவர் மாதிரியே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, சிலிண்டர் 30 தௌ பெரிசாக்கவேண்டும், கிராங்க் 10 தௌ அரைக்கவேண்டும் என்றார். (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பட்டறைக்காரர்களுக்குத் தெரியும்.) அதைக் கேட்ட பிறகுதான் 30 ஓவர் பிஸ்டன், 10 அண்டர் பேரிங் என்று கிட் ஆர்டர் போட்டேன். அவரும் பிஸ்டன் கைக்கு வரும்வரை போரிங் செய்யவில்லை. ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அந்தந்தச் சிலிண்டரை அதற்கேற்ப ஹோன் செய்து (கல்லால் உள்சுவரை நுணுக்கமாகத் தேய்த்து) தந்தார். கொதி தொட்டியில் கழுவி, விரிசல் பார்த்து, டெக் தளத்தை (ஹெட் உட்காரும் பிளாக்கின் மேல்தளம்) சீவி மட்டமாக்கி, போரிங், கிராங்க் கிரைண்டிங், ராட் சரிசெய்து புது போல்ட், கேம் பேரிங் அடிப்பது என எல்லாம் சேர்த்து 790 டாலர். மொத்தச் செலவில் கொஞ்சமும் உறுத்தாத பணம் இதுதான்.

கிட்டில் நல்லது எது என்றால் பேரிங். பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தைக் கொண்டு பேரிங் இடைவெளியை அளக்கும் மெல்லிய இழை) வைத்து மெயின் போல்ட்டை 70 அடி-பவுண்ட், ராட் நட்டை 45 என்று முறுக்கிப் பார்த்தேன். மெயினில் இரண்டரை தௌ, ராடில் இரண்டேகால் சுற்றி. இதைவிட அழகாக வராது. ரிங் சுமார். ஏற்கெனவே இடைவெளி வெட்டி வருகிற வகை, அரம் பிடித்து நாமே சரிசெய்கிற சுகம் இல்லை. மேல் ரிங்கில் 18 முதல் 20 தௌ எதிர்பார்த்தேன், 22, 23 வந்தது. தொடர்ந்து சூடாக ஓடுகிற வண்டிக்கு இறுக்கமாக இருப்பதைவிட இப்படித் தளர்வாக இருப்பதே மேல், விட்டுவிட்டேன்.

பிஸ்டன்தான் விஷயம். பெட்டியில் "ஸ்டாக் ரீபிளேஸ்மென்ட்" என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் இந்த விலையில் வருபவை ரீபில்டர் பிஸ்டன்கள், பழைய இன்ஜின்களைப் புதுப்பிப்பவர்களுக்காக உயரம் குறைத்துச் செய்தவை. பிஸ்டனை ராடோடு இணைக்கும் முளையின் மையத்திலிருந்து பிஸ்டன் தலைவரை உள்ள உயரம் அசலில் 1.560 அங்குலம், இவற்றில் 1.540. வெறும் 20 தௌதானே என்று நினைப்போம். 350-இல் அசல் பிஸ்டனே உச்சியில் நிற்கும்போது பிளாக்கின் மேல்தளத்துக்கு 25 தௌ கீழேதான் நிற்கும். இது 45 கீழே நிற்கிறது. அதன்மேல் கிட்டில் வந்த 40 தௌ தடிமன் ஹெட் கேஸ்கெட்டைப் போட்டால், பிஸ்டன் தலைக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் நடுவில் 85 தௌ. அந்த இடுக்கு நெருக்கமாக இருந்தால்தான் கலவை பிதுங்கிக் கலங்கி ஒழுங்காக எரியும். இவ்வளவு அகலத்தில் கம்ப்ரெஷனும் போச்சு, நாக்கிங்கும் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வரும்.

எங்கள் ஹெட் எரியறை 76 சி.சி. உள்ள பழைய வகை. அதை மருந்துக்கடை சிரிஞ்சும் ஒரு துண்டு அக்ரிலிக் தகடும் வைத்து நானே அளந்தேன், 76-தான். கணக்குப் போட்டால் கம்ப்ரெஷன் (கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) 8.2. லாரிக்குப் போதும், ரேஸுக்கு அவமானம். பிஸ்டனைத் திருப்பி அனுப்பலாம் என்றால் சிலிண்டரை ஏற்கெனவே அதற்கேற்ப ஹோன் செய்தாகிவிட்டது. அங்கேதான் வயசாளி வாய் திறந்தார், "மெல்லிசு கேஸ்கெட் போடு." 15 தௌ ஸ்டீல் ஷிம் கேஸ்கெட். தளம் மட்டமாக இருந்தால்தான் அது பிடிக்கும், நல்லவேளை டெக்கையும் ஹெட்டையும் சீவியிருந்தார். அதைப் போட்டதும் இடுக்கு 60 ஆனது, கம்ப்ரெஷன் 8.6 ஆனது. பெரிய சாதனை இல்லை, ஆனால் முப்பது டாலரில் நடந்த காரியம். கிட் வாங்குபவர்கள் உயரத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அதைச் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

அடுத்தது லிஃப்டர், என் கோபம் முழுவதும் இதன்மேல்தான். ஃபிளாட் டேப்பட் என்று பேர் இருந்தாலும் அதன் அடிப்பாகம் தட்டை கிடையாது, கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்திருக்கும். கேமின் புடைப்பும் லேசாகச் சாய்ந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் லிஃப்டரைச் சுழலவைக்கிறது. சுழலாத லிஃப்டர் கேமைச் சில நிமிடத்தில் தின்றுவிடும், அந்த இரும்புப்பொடி ஆயிலோடு போய் புது பேரிங்கெல்லாம் பாழ். சோதிப்பது சுலபம்: இரண்டு லிஃப்டரை அடியோடு அடி ஒட்டிப்பிடித்தால் லேசாக ஆடவேண்டும். பதினாறில் மூன்று ஆடவே இல்லை, ஒட்டிக்கொண்டு நின்றன. கடைக்கு எழுதினேன். கிட்டாக வாங்கியதைக் கிட்டாகத்தான் திருப்பமுடியும், திறந்த கிட்டைத் திருப்பமுடியாது என்று பதில் வந்தது. அதாவது திறக்காமலே சோதிக்கவேண்டுமாம். தனியாக 190 டாலருக்கு நல்ல கேமும் லிஃப்டரும் வாங்கினேன். கிட்டில் வந்த கேம் இப்போது கராஜ் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.

சின்னச்சின்னவை: ஆயில் பம்ப்பைச் சுழற்றும் தண்டில் பிளாஸ்டிக் வளையம்தான் வருகிறது, இரும்பு வளையம் உள்ளதாக மாற்றிவிடுங்கள், சில டாலர்தான். பம்ப்பின் உறிஞ்சு குழாயை வெறுமனே அடித்துச் செருகிவிட்டு விடாமல் ஒரு பொட்டு வெல்டிங் வையுங்கள், பேனின் தரைக்கும் அதற்கும் முக்கால் அங்குலத்தில் பாதி இடைவெளி இருக்கட்டும். டைமிங் செயின் பரவாயில்லை. வால்வு கவர் கேஸ்கெட் கார்க், ஒழுகும், ரப்பரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கருவிகளுக்குச் செலவு செய்யாதீர்கள். ஆட்டோசோன் என்ற கார் உதிரிபாகக் கடையில் டெபாசிட் கட்டி ரிங் கம்ப்ரெசர், பேலன்சர் புல்லர், டார்க் ரெஞ்ச் எல்லாம் எடுத்துவந்து வேலை முடிந்ததும் திருப்பிக்கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டேன். இந்தச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து. காசு போட்டுச் சொந்தமாக வாங்கினால் மைக்ரோமீட்டரை வாங்குங்கள்.

ஹோனிங் முடிந்த சிலிண்டரைப் பெட்ரோலில் துடைத்தால் சுத்தமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கல்பொடி போகாது. சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பிரஷ், அப்புறம் ஆயில் தொட்ட வெள்ளைத்துணி. துணி வெள்ளையாகவே திரும்பிவரும்வரை. நூல் உதிராத துணி என்று தேடியதில் என் பழைய காட்டன் வேட்டி ஒன்று இதில் முடிந்தது. ஆறு முறை துடைத்தும் சாம்பல் நிறம் வந்தது, ஏழாவதில்தான் நின்றது. அப்புறம் ஹெட் போல்ட். இந்த இன்ஜினில் அவை தண்ணீர் ஓடும் அறைக்குள் இறங்குகின்றன, மரையில் சீலர் தடவாமல் 65-க்கு முறுக்கினால் நாளைக்கே கசியும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் தண்டை டிரில்லில் மாட்டி ஆயில் பம்ப்பைச் சுழற்றினோம், பதினாறு ராக்கரிலும் (வால்வை அழுத்தும் கைகள்) ஆயில் சொட்டும்வரை. கேம் பழகும்வரை ஐடிலில் விடக்கூடாது, பற்றிக்கொண்ட நொடியிலிருந்து 2,000 முதல் 2,500 சுற்றில் இருபது நிமிடம். ஆயிலில் துத்தநாகம் வேண்டும், இன்றைய கார் ஆயிலில் அதைக் குறைத்துவிட்டார்கள், பிரேக்-இன் ஆயில் என்றே கேட்டு வாங்குங்கள். சைலன்சர் கிடையாது, ரேடியேட்டருக்கு முன்னால் வீட்டு விசிறி. இருபது நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத் தெருவுக்கே தெரிந்தது.

மொத்தம்: இன்ஜின் 200, மெஷின் ஷாப் 790, கிட் 429, கேம் 190, ஷிம் கேஸ்கெட் ஆயில் சில்லறை எல்லாம் சேர்த்து 140. ஆகமொத்தம் 1,749 டாலர். 1,500-க்குள் முடிப்போம் என்று ஆரம்பித்தோம். கிட்டுக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். கேம் இல்லாத கிட்டாகவும் சிலர் விற்கிறார்கள், அடுத்தமுறை அதைத்தான் வாங்குவேன், அதற்கு நாலு தரலாம்.

இதுவரை நாலு சனிக்கிழமை ஓடியிருக்கிறது. சூடான பிறகு ஆயில் பிரஷர் ஐடிலில் 22, முழு ஓட்டத்தில் 55-க்குக் கீழே இறங்கவில்லை. முதல் ரேஸ் முடிந்ததும் ஆயில் ஃபில்டரை அறுத்துப் பிரித்தபோது மடிப்புகளில் லேசாக மினுமினுப்பு இருந்தது, இரண்டு பேருக்கும் அன்றிரவு சரியான தூக்கமில்லை. போன வாரம் அறுத்ததில் ஒன்றுமில்லை, காந்தத்தைக் கூட ஓட்டிப் பார்த்தேன்.